மல்லி பூக்காத நிழல் தோட்டம்: எந்தப் பூச்செடிகளை நடலாம்?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர் வாசகி, கடலூர் (ஆனி முதல் வாரம்)

தோட்ட நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே, கிழக்கு மேற்காக நாற்பது அடியும் தெற்கு வடக்காக இருபது அடியும் கொண்ட தோட்டம் ஒன்று இருக்கிறது. தென்புற மதிலை ஒட்டிப் பக்கத்து மனையில் மூன்றாண்டுகளுக்கு முன் முப்பதடி உயரத்தில் மாடி வீடு எழுந்தது. தோட்டத்தின் நடுவில் என் தந்தையார் நட்ட மாமரமும், தென்மேற்கு மூலையில் ஒரு தென்னையும் நிற்கின்றன.

2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் அடித்தபோது எங்கள் முருங்கையும் இன்னொரு தென்னையும் வேரோடு சாய்ந்தன. மாமரத்தில் அடிமரமும் இரண்டு கவைகளும் மட்டுமே மிஞ்சின. அடுத்த கோடையில் தோட்டத்தில் நிழல் என்பதே இல்லை. அந்த வெயிலைப் பார்த்துத்தான் என் தாயார் மரத்துக்குக் கிழக்கே மூன்று குண்டுமல்லிப் பதியன்களை நட்டார்கள். பங்குனி பிறந்தால் நாளொன்றுக்கு நான்கு முழம் கட்டும் அளவுக்குப் பூத்த செடிகள் அவை. இப்போது மூன்று ஆண்டுகளாக இலை கரும்பச்சையாகத் தழைக்கிறது, கொடிபோல் நீண்டு ஓடுகிறது, மொட்டு மட்டும் வைப்பதில்லை. இந்தக் கோடை முழுவதற்கும் சேர்த்து இரண்டு கைப்பிடி பூ கிடைத்திருந்தால் அதிகம்.

அம்மாவுக்கு வயது 78. விடிந்ததும் பூக்குடலையோடு தோட்டத்தில் இறங்கிப் பறித்து, வாழைநாரை நனைத்து வைத்துக்கொண்டு தொடுப்பது அவர்களுடைய நாளின் தொடக்கமாக இருந்தது. இப்போது நான் கோயில் தெருவில் முழம் போட்ட பூ வாங்கி வருகிறேன். அதை வாங்கிச் சுவாமி படத்துக்குச் சாத்திவிட்டு, வேலை முடிந்துவிட்டதே என்பதுபோல் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நிழலில் பூக்கும், பறித்துத் தொடுக்கத்தக்க புதர்ச்செடிகள் எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். மாமரத்தை வெட்டும் எண்ணம் இல்லை. உதகையிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த ஹைட்ராஞ்சியா சித்திரை வெயிலுக்கு முன்பே கருகிவிட்டது. மதிலோரம் வைத்த இட்லிப்பூச் செடியின் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற பகுதி வெளிறி மஞ்சளாகின்றன. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயல் மழையில் தோட்டத்தில் மூன்று நாள் தண்ணீர் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


பதில் 1: நர்சரிக்காரர், புதுச்சேரி

வணக்கம் அம்மா. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புதுச்சேரியில் நர்சரி வைத்திருக்கிறேன். நிழலுக்கு ஏற்ற செடி கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது எதன் நிழல் என்பதைத்தான். கட்டடத்தின் நிழல் மாதத்துக்கு மாதம் இடம் மாறும், ஆனால் மண்ணிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாது. மரத்தின் நிழல் ஆண்டு முழுவதும் நிற்கும், அதோடு அதன் வேர்கள் மேல்மண்ணின் ஈரத்தையும் சத்தையும் செடிக்கு முன்பே உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் தோட்டத்தில் இரண்டும் இருக்கின்றன. மாடி வீடு எழுந்ததும் மல்லி பூப்பது நின்றதும் ஒரே காலத்தில் நடந்ததால், அந்த வீட்டைத்தான் காரணமாக நினைத்திருப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடலூரும் புதுச்சேரியும் ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் இருக்கின்றன. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிக்குச் சற்று வடக்காகவே நிற்கிறது. ஆகவே அந்த நான்கு மாதங்களில் உங்கள் அண்டை வீட்டின் நடுப்பகல் நிழல் தெற்கே, அவர்கள் பக்கமே விழும். பங்குனியில்கூட அது உங்கள் தோட்டத்துக்குள் எட்டடிக்கு மேல் வராது. மார்கழியில்தான் முப்பதடிக் கட்டடத்தின் நிழல் நடுப்பகலில் ஏறத்தாழ 21 அடி வடக்கே நீண்டு, உங்கள் இருபதடித் தோட்டத்தை முழுவதும் மூடும். குண்டுமல்லியோ பங்குனியிலிருந்து ஆனி வரைதான் பூத்துக் கொட்டுகிற செடி. அது பூக்க வேண்டிய காலத்தில் வெயிலை மறைப்பது அந்த வீடு அல்ல, பதினான்கு ஆண்டுகளில் மீண்டும் குடைபோல் விரிந்துவிட்ட உங்கள் மாமரம். மல்லிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். அது குறைந்தால், இருக்கும் ஒளியைப் பிடிக்க இலையைப் பெருக்கிக் கொடியை நீட்டுமே தவிர மொட்டு வைக்காது. அந்த நிலையில் உரம் போடப் போட இன்னும் இலைதான் வரும்.

நடுவதற்கு முன், ஒரு விடுமுறை நாளில் காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை, மணிக்கு ஒரு முறை தோட்டத்தின் நான்கைந்து இடங்களில் தரைக்கு ஓர் அடி மேலே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் விளிம்பு தெளிவாக விழுந்தால் அது வெயில், கலங்கலாக விழுந்தால் அரைநிழல், நிழலே விழாவிட்டால் அடர்நிழல். இதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலை வெயில் மூன்று மணி நேரமாவது கிடைக்கும் இடத்திலும், நாள் முழுவதும் இலை இடுக்கில் ஒளி சிந்தும் இடத்திலும் நம் ஊர்ப் புதர்ச்செடிகள் பல நன்றாகவே பூக்கும். அடர்நிழலில் பூச்செடி நட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். அங்கே என்னிடம் செடி கேட்டாலும் நான் கொடுப்பதில்லை.

உங்கள் தோட்டத்துக்கு என் முதல் தேர்வு நந்தியாவட்டை. ஒற்றை அடுக்கானாலும் பல அடுக்கானாலும் அரைநிழலில் குறை வைக்காமல் பூக்கும். அடுக்கு நந்தியாவட்டைக்கு இரவில் மணமும் உண்டு. அதற்கு ஒரே பகை, பச்சை நிறத்தில் கண்போன்ற புள்ளிகளோடு விரல் பருமனுக்கு வளரும் ஒரு புழு. ஓரிரவில் ஒரு கிளையை மொட்டையாக்கிவிடும். செடிக்குக் கீழே மிளகு போன்ற எச்சம் கிடந்தால் நிமிர்ந்து தேடிக் கையால் எடுத்துவிடுங்கள், மருந்து தேவையில்லை. கிளையை ஒடித்தால் வடியும் பால் கண்ணில் படக்கூடாது.

இரண்டாவது பவளமல்லி. கிழக்கு வெயில் படும் ஓரத்தில் வையுங்கள். அந்தியில் மலர்ந்து விடியலில் தானே உதிர்ந்துவிடுவதால், உங்கள் தாயார் எட்டிப் பறிக்க வேண்டியதில்லை. கீழே விழுந்ததைப் பூசைக்கு எடுக்கக்கூடாது என்ற வழக்கத்துக்கு விலக்கான பூவும் அதுதான். இரவில் பழைய வேட்டி ஒன்றைக் கீழே விரித்து வைத்தால் மண் ஒட்டாமல் கிடைக்கும். விட்டால் மரமாகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை வெட்டி, ஆள் உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இட்லிப்பூ வாங்கும்போது கவனம் வேண்டும். சாலை நடுவில் வைக்கும் சிற்றிலைக் குட்டை வகைக்கு வெயில் வேண்டும். பெரிய இலையோடு உயரமாக வளரும் நாட்டுச் செம்பூ, அதாவது பழைய புலவர்கள் வெட்சி என்று பாடிய செடி, அரைநிழலையும் தாங்கும். இலை வெளிறுவதற்குக் காரணம் மதில். கட்டுமானத்தின்போது கீழே கொட்டிய சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணைக் காரமாக்கிவிட, மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடிவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று விற்கும் இரும்பு சல்பேட்டை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அரை மூடி எலுமிச்சைச் சாறு பிழிந்து, மாலையில் இலைகளின் மேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். தரையிலோ சுவரிலோ பட்டால் துருக்கறை பிடிக்கும். தெளித்து நிறுத்துவதோடு விடாமல், செடியை மதிலிலிருந்து மூன்றடி தள்ளி மாற்றி நடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

செம்பருத்தி வேண்டாம். நிழலில் வைத்தால் பூ குறைவதோடு மாவுப்பூச்சிக்குப் பண்ணை வைத்ததுபோல் ஆகும். ஹைட்ராஞ்சியா, கமேலியா, அசேலியா ஆகியவை குளிர்ந்த இரவை நம்பி வாழும் மலைச்செடிகள். நம் கடற்கரையில் அவற்றுக்குக் கிடைக்காதது நிழல் அல்ல, குளிர். உங்கள் கவனிப்பில் தவறில்லை.


பதில் 2: ஓய்வுபெற்ற ஆசிரியை, நெல்லிக்குப்பம்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் தாயாரைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளைப் படித்தபோது என் மாமியார் நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் கண் பார்வை மங்கிய பிறகுகூட விரலால் தடவிப் பார்த்தே பூத் தொடுத்தவர்கள். ஆகவே தொடுக்கும் பூவைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் கனகாம்பரத்தை வையுங்கள். நர்சரி ஐயா அதை ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லை. எங்கள் கொல்லையில் வேப்பமரத்தின் கிழக்குப் பக்கத்தில் பதினைந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். முழு வெயிலில் வைத்த பூ கோடையில் நிறம் வெளுத்து ஓரம் காய்கிறது, அரைநிழலில் வைத்த பூ நெருப்புத் துண்டுபோல் இருக்கிறது. கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கி வரிசையாக மலர்ந்துகொண்டே போகும் என்பதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தால் போதும், அதற்குள் வாடாது. ஓங்கி மழை பெய்யும் இரண்டு மாதம் தவிர ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும். மணமில்லாத பூ என்று எங்கள் வீட்டில் இதைத் தனியாகச் சுவாமிக்குச் சாத்துவதில்லை. நந்தியாவட்டையோ துளசியோ இடையிட்டுத் தொடுத்தால் அந்தக் குறையும் இல்லை, வெள்ளையும் காவியுமாகப் பார்க்கவும் நிறைவாக இருக்கும்.

அதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று நீர் தேங்குவது. மூன்று நாள் நின்றால் வேர் அழுகிவிடும், எனவே தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்திய மேட்டுப் பாத்தியில்தான் நட வேண்டும். மற்றொன்று, மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நூற்புழு. நம் பகுதியின் மணற்பாங்கான மண்ணில் இது சாதாரணம். செடி பகலில் துவண்டு, தண்ணீர் ஊற்றினாலும் நிமிராமல், இலை சிறுத்துப் பழுத்தால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறு சிறு முடிச்சுகள் இருந்தால் அதுதான். துலுக்கச் சாமந்தியை ஊடே நட்டால் நூற்புழு குறையும் என்பார்கள். அது உண்மை, ஆனால் சாமந்திக்கு வெயில் வேண்டும், உங்கள் இடத்தில் அது வளராது. நடும்போதே குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேலே தூவிக் கொத்திவிடுவதுதான் எனக்குப் பலித்த வழி. ஒரே பாத்தியில் நான்கைந்து ஆண்டுக்கு மேல் வைக்காமல் இடம் மாற்றுவதும் நல்லது.

ஆரஞ்சு நிற நாட்டு வகையை விதையிலிருந்தே வளர்க்கலாம். காய்ந்த விதைக்காய்மேல் தண்ணீர் பட்டால் படீரென்று வெடித்து விதை தெறிக்கும், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. தில்லிக் கனகாம்பரம் என்று விற்பது இன்னும் ஆழ்ந்த நிறம். அதைக் குச்சியிலிருந்துதான் வளர்க்க வேண்டும்.

அடுத்தது டிசம்பர் பூ. நர்சரி ஐயாவின் கணக்குப்படி மார்கழியில்தான் உங்கள் தோட்டம் முழுவதும் நிழலாகும். அந்தக் காலத்தில் பூப்பதற்கென்றே இருக்கும் செடி இது. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதாவில் வெள்ளைக் கோடு என்று நான்கு நிறத்தையும் கலந்து நடுங்கள். குச்சி ஊன்றினாலே வரும், எந்த நோயும் அண்டாது, மார்கழி வைகறையில் பனியோடு பறித்துத் தொடுப்பதற்கு அதைவிடக் கைக்கு இதமான பூவை நான் அறியேன்.


திருப்பாதிரிப்புலியூர் வாசகி (ஆனி மூன்றாம் வாரம்)

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கையை நீட்டி நீட்டிக் குறித்தேன், என் மகனும் கூடவே நின்றான். நீங்கள் சொன்னது சரி. அண்டை வீட்டின் நிழல் எங்கள் பக்கம் நடுப்பகலில் விழவே இல்லை. மூன்று ஆண்டுகளாக அவர்களை மனத்துக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்ததற்கு வருந்துகிறேன்.

மரத்துக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டிய ஆறடி அகலத் துண்டில் காலை ஏழரை முதல் பத்தரை வரை வெயில் விழுகிறது. மல்லி இருக்கும் இடத்தில் கை நிழல் கலங்கலாகத்தான் விழுகிறது. அடிமரத்தைச் சுற்றி எட்டடிக்கு நிழலே விழவில்லை. மேற்கே தென்னையின் கீழ் அரைநிழல், ஆனால் அங்கே வேறொரு தொல்லை. அங்கு எதை வைத்தாலும் இலையின்மேல் முதலில் பிசுபிசுப்பாக ஏதோ படிந்து, பிறகு அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்துவிடுகிறது. அங்கிருந்த கறிவேப்பிலையும் நந்தியாவட்டையும் ஓராண்டாக அப்படித்தான் நிற்கின்றன. இது மண்ணின் குற்றமா?

இன்னொன்று. கிழக்குத் துண்டில் வெயில் இன்னும் சற்று நீடிக்க மாமரத்தைக் கழிக்கலாமா? தானேயில் தப்பிய மரம் என்பதால் கத்தி வைக்கவே மனம் அஞ்சுகிறது.


பதில் 3: தேவனாம்பட்டினம் வாசகர், கடலூர்

வணக்கம் அம்மா. அந்தக் கறுப்பு மண்ணிலிருந்து வரவில்லை, மேலேயிருந்து வருகிறது. தென்னை ஓலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், சுருள் சுருளாக வெள்ளை மெழுகு படிந்திருக்கும். சுருள் வெள்ளை ஈ என்ற பூச்சியின் வேலை அது. நம் நாட்டில் 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் காணப்பட்டு, இப்போது தென்னை உள்ள இடங்களிலெல்லாம் பரவியிருக்கிறது. சாற்றை உறிஞ்சிக்கொண்டு அது வெளியிடும் தேன் போன்ற கழிவு கீழேயுள்ள செடிகளின்மேல் சொட்டுகிறது. அந்த இனிப்பில் வளரும் கரும்பூசணம்தான் நீங்கள் காண்பது. பூசணம் இலைக்குள் நுழைவதில்லை என்றாலும் ஒளியை மறைத்துவிடும். ஏற்கெனவே நிழலில் நிற்கும் செடிக்கு அது இரட்டை இருட்டு.

மைதா மாவு 25 கிராமை ஒரு லிட்டர் நீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறிய பின் கறுத்த இலைகளின்மேல் நன்றாகத் தெளியுங்கள். காய்ந்ததும் படலம்போல் உரிந்து பூசணத்தையும் கொண்டு உதிரும். மழையில்லாத நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டும். மஞ்சள் நிறத் தகட்டில் விளக்கெண்ணெய் தடவித் தென்னையில் கட்டிவைத்தால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். கடுமையான பூச்சிமருந்துகளை மட்டும் அடித்துவிட வேண்டாம். இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் மிகச் சிறிய குளவிகள் இயற்கையாகவே பெருகிவருகின்றன, மருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான். தென்னையடியில் புதிதாக எதையும் இப்போது நடாமல் இருப்பதே என் கருத்து. இருக்கும் நந்தியாவட்டையை மட்டும் காப்பாற்றுங்கள்.

மாமரத்தைக் கழிப்பதில் அச்சம் வேண்டாம், ஆனால் இடமும் அளவும் தெரிந்து செய்ய வேண்டும். காய்ப்பு முடிந்துவிட்டதால் ஆடி மாதமே தக்க காலம். உச்சியை மொட்டையடிக்கக்கூடாது. கிழக்குப் பக்கம் தரையிலிருந்து ஒன்பது, பத்து அடிக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் கிளைகளை அடியோடு எடுத்தால், சாய்வாக வரும் காலை வெயில் குடைக்கு அடியில் நுழைந்துவிடும். அதோடு உள்ளே ஒன்றின்மேல் ஒன்று உரசும் கிளைகளையும் காய்ந்த குச்சிகளையும் நீக்குங்கள். மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் எடுக்க வேண்டாம். பெருங்கிளையை வெட்டும்போது முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது. வெட்டுவாயில் போர்டோ பசையும் (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூசணக்கொல்லி), புதிதாக வெயில் படும் கிளைகளில் சுண்ணாம்பும் பூசுங்கள். மாம்பால் தோலைப் புண்ணாக்கும், கைக்கு உறை போடச் சொல்லுங்கள். இப்படித் திறந்துவிட்ட மரத்தில் ஐப்பசிக் காற்று புகுந்து வெளியேறும். தானேயில் தப்பிய மரத்துக்கு அடுத்த புயலில் உதவுவதும் அதுவே.

எங்கள் ஊரைப்போல் உங்கள் ஆழ்குழாய் நீரும் உப்பாக இருந்தால் இலை நுனி கருகும். புதுச் செடிகளுக்கு முதல் ஆண்டாவது மழைநீரையோ நல்ல கிணற்று நீரையோ ஊற்றுங்கள்.


பதில் 1: நர்சரிக்காரர், புதுச்சேரி

கனகாம்பரத்தை விட்டது என் பிழைதான். மேட்டுப் பாத்தி போடாமல் வாங்கிச் சென்று மழையில் இழந்தவர்கள் பலர் என்பதால் நான் அதைத் தயங்கியே சொல்வேன். நெல்லிக்குப்பம் அம்மா சொன்னபடி உயர்த்தி நட்டால் தாராளமாக வைக்கலாம்.

மரம் கழிப்பது பற்றி நண்பர் எழுதியது அனைத்தும் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். மாமரத்தடியில் குழி தோண்டும்போது மண்வெட்டியால் ஓங்கிக் கொத்தாதீர்கள். அதன் உணவு வேர்கள் மேல் ஓரடி மண்ணில்தான் வலைபோல் பரவியிருக்கும். சிறிய களைக்கொத்தால் தோண்டிப் பாருங்கள். கட்டைவிரல் பருமனுள்ள வேர் வந்தால் அந்தக் குழியை மூடிவிட்டு ஓரடி தள்ளிப் போங்கள். இதனாலேயே நிழலில் நடும்போது பெரிய செடியைவிடச் சிறிய பையில் உள்ள இளஞ்செடியே நல்லது. குழி சிறிதாக இருக்கும், செடியும் அந்த வேர்களுக்கு நடுவே தனக்கு இடம் தேடிக்கொள்ளும். மேட்டுப் பாத்தி போடுகிறேன் என்று அடிமரத்தை ஒட்டி மண்ணைக் குவிக்க வேண்டாம், பட்டை அழுகிவிடும். நான்கடி தள்ளியே நிறுத்துங்கள். அடர்நிழலாக இருக்கும் அந்த வட்டத்தில் மாஞ்சருகையே மூடாக்காகப் பரப்பி விட்டுவிடலாம்.

நிழல் என்றால் தண்ணீர் வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டட நிழலுக்கு அது பொருந்தும். மரத்தின் கீழ் மேற்பரப்பு ஈரமாகத் தெரிந்தாலும் இரண்டு விரல் ஆழத்தில் மண் தூளாக இருக்கும். விரலை விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள், ஊற்றினால் வேர்வரை இறங்க ஊற்றுங்கள். 1826இல் தொடங்கிய எங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில், பெரிய மரங்களின் அடியில் எது தழைக்கிறது, எது துவள்கிறது என்று நின்று பார்த்தே நான் இதில் பாதியைக் கற்றேன். ஒரு முறை தாயாரை அழைத்து வாருங்கள்.

மல்லிச் செடிகளைப் பிடுங்க வேண்டாம். இப்போதே கொடிகளை மண்ணில் வளைத்துப் பதியன் போட்டு, வேர் பிடித்ததும் ஒன்றரை அடி விட்டமுள்ள தொட்டிகளில் மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுங்கள். கார்த்திகை இறுதியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் பங்குனியில் பூக்கும்.


திருப்பாதிரிப்புலியூர் வாசகி (மார்கழி இரண்டாம் வாரம்)

இடையில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். ஆடியில் மரம் கழித்தோம். நான்கு கிளைகள்தான் எடுத்தோம், ஆனால் அதன் பிறகு கிழக்குத் துண்டில் வெயில் பதினொன்றரை வரை நின்றது. புரட்டாசி முதல் மழைக்குப் பிறகு நந்தியாவட்டை இரண்டு, பவளமல்லி ஒன்று, மேட்டுப் பாத்தியில் கனகாம்பரம் பன்னிரண்டு, டிசம்பர் பூ குச்சிகள் இருபது ஆகியவற்றை நட்டேன். இட்லிப்பூவை மதிலிலிருந்து நகர்த்தினேன். புதுத் தளிர்கள் பச்சையாகவே வருகின்றன. கனகாம்பரத்தில் மூன்று மழையில் போய்விட்டன, ஒன்பது நிற்கின்றன. பவளமல்லி ஐப்பசியில் நாளுக்கு ஏழெட்டுப் பூவோடு நிறுத்திக்கொண்டது. மைதாக் கஞ்சி தெளித்ததில் தென்னையடி நந்தியாவட்டை கறுப்பு நீங்கித் துலங்குகிறது.

மல்லித் தொட்டிகள் மாடியில் இருக்கின்றன. அம்மாவால் படியேற முடியாது, பூத்தால் நான் பறித்துக் கீழே கொண்டுவருவேன். ஆனால் அதற்குள் டிசம்பர் பூ வந்துவிட்டது. பத்து நாளாக ஊதாவும் வெள்ளையும் பூக்கின்றன. வைகறையில் எனக்கு முன் எழுந்து, தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பூக்குடலையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நேற்று ஒரு முழம் தொடுத்துப் பிள்ளையாருக்குச் சாத்திவிட்டு, மிஞ்சியதை அண்டை வீட்டுப் பெண்ணுக்குத் தலையில் வைத்துவிட்டார்கள்.

பூ ஓய்ந்த பிறகு இந்தச் செடிகளை என்ன செய்ய வேண்டும்?


பதில் 2: ஓய்வுபெற்ற ஆசிரியை, நெல்லிக்குப்பம்

படித்ததும் கண் நிறைந்தது சகோதரி.

தை பாதியில் பூ ஓய்ந்துவிடும். விதைக்காய்கள் பழுக்க விட்டுச் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டு, மாசியில் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டிவிடுங்கள். வெட்டாமல் விட்டால் அடுத்த ஆண்டு குச்சியாக நீண்டு நுனியில் மட்டும் பூக்கும், அம்மாவுக்குக் கை எட்டாது. வெட்டியதும் தொழுவுரம் ஒரு கூடை போட்டுத் தண்ணீர் விடுங்கள். கோடையில் வாரம் இரண்டு முறை ஊற்றினால் போதும். வெட்டிய குச்சிகளை எறிந்துவிடாமல் நான்கு கணு உள்ளவையாகப் பார்த்து, கழுவிய மணலில் ஊன்றி மாமரத்தடியிலேயே வைத்துவிடுங்கள், ஒரு மாதத்தில் வேர் விட்டுவிடும். என்னிடம் ஊதாவில் வெள்ளைக் கோடு போட்ட வகை போன மழையில் அழிந்துவிட்டது. உங்களிடம் அது இருந்தால் நான்கு குச்சி எனக்கென்று எடுத்து வையுங்கள், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் வரும்போது நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.